பல்லின் நிறம் எங்கே இருக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் திராட்சை வாங்காமல் திரும்புவதில்லை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் என்று எங்கே பார்த்தாலும் திராட்சைப் பந்தல்கள்தாம். இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பழத்தில் ஒன்றைத் தட்டில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறையக் கருப்பாக இருக்கும். தோலை உரித்துவிட்டுச் சதையை மட்டும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிறிய பச்சை நிறத்தில் வெளிச்சம் வரும். ஆனால் சன்னலுக்கு வெளியே நிற்கும் தென்னை மரம் அதன் வழியே தெரியாது.

ஒளி ஊடுருவும் பொருள், ஒளி ஊடுருவாப் பொருள், இரண்டுக்கும் நடுவே ஒளி கசியும் பொருள் என்று கீழ் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். திராட்சைச் சதை மூன்றாவது வகை. உங்கள் முன்பற்களும் அதே வகைதான். நம்பிக்கை வரவில்லையா? இரவில் விளக்கை அணைத்துவிட்டு நிலைக்கண்ணாடி முன் நில்லுங்கள். சிறிய பேனா டார்ச் ஒன்றை வாய்க்குள், மேல் முன்பல்லின் பின்புறம் பிடியுங்கள். பல் இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதைக் காண்பீர்கள்.

இந்தச் செய்தியை நான் இயற்பியல் நூலில் கற்றுக்கொள்ளவில்லை. உடைந்த ஒரு பல்லிடமிருந்து கற்றுக்கொண்டேன். 1996-இல் நான் பத்தாம் வகுப்பு மாணவன். சுருளி அருவிக்குச் சைக்கிளில் போய்த் திரும்பும்போது கீழே விழுந்து, மேல் முன்பல் ஒன்றின் மூலை உடைந்துபோயிற்று. வெளியூரில் ஒரு பல் மருத்துவரிடம் அப்பா அழைத்துப் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குழல்விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பசைகளைக் கலந்து வைத்து, 'பல் கலர் சிமெண்ட்' என்று சொல்லி மூலையை நிரப்பி அனுப்பினார்கள். இரவில் கண்ணாடியில் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை வெயிலில் பார்த்த என் தங்கை, "என்னண்ணே, பல்லுல சாம்பல் ஒட்டியிருக்கு?" என்றாள். நான்கைந்து ஆண்டுகளில் அந்தச் சாம்பல் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாயிற்று. என் கல்லூரிக் காலப் புகைப்படங்களில் நான் சிரிக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது.

முதல் நாளே ஏன் சாம்பல் நிறம்? பிறகு ஏன் பழுப்பு? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவது, ஒளி கசிவதைப் பற்றியது. இரண்டாவது, நிறம் நிலைப்பதைப் பற்றியது.

ஒளி உள்ளே போய்த் திரும்புகிறது

சுவருக்குப் பூசிய வண்ணம் மேற்பரப்பில் இருக்கிறது. பல்லின் நிறம் அப்படி மேலே பூசியதன்று. பல்லின் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி மட்டும் மேற்பரப்பில் பிரதிபலித்துப் பளபளப்பாகத் தெரிகிறது. மீதி உள்ளே நுழைகிறது. வெளியடுக்கான எனாமல் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்பு. சில மைக்ரான் பருமனுள்ள கோல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டது போன்ற அமைப்புடையது. அதனுள்ளே இருக்கும் டென்டைன் சற்று மஞ்சள் நிறம். அதில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உண்டு. ஒளி இந்த இரண்டு அடுக்குகளிலும் சிதறி, நீல ஒளியில் கொஞ்சத்தை இழந்து, நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. பல்லின் நிறம் என்று நாம் சொல்வது இவ்வாறு திரும்பி வந்த ஒளியைத்தான்.

சிதறல் ஏன் நிகழ்கிறது? ஒளிவிலகல் எண் வேறுபடும் இரு பொருள்கள் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளியின் ஒரு பகுதி திரும்பும். மீதி திசை மாறும். எல்லைக்குச் செங்குத்தாக விழும் ஒளியில் எத்தனை பங்கு திரும்பும் என்று கணக்கிடுவது எளிது. இரண்டு ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூடுதலால் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்த வேண்டும்.

போட்டுப் பார்ப்போமா? எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.63. அதன் நுண்ணிய இடைவெளிகளில் இயல்பாக இருப்பது நீர். அதன் எண் 1.33. வேறுபாடு 0.30, கூடுதல் 2.96. விடை ஏறத்தாழ 0.01, அதாவது 1 விழுக்காடு. பல் உலர்ந்துவிட்டால் நீர் இருந்த இடங்களில் காற்று புகுகிறது. அதன் எண் 1. இப்போது வேறுபாடு 0.63, கூடுதல் 2.63. விடை 0.057. ஒவ்வோர் எல்லையிலும் முன்னைவிட ஐந்து மடங்குக்கு மேல் ஒளி திரும்புகிறது! எனவே உலர்ந்த பல் சுண்ணாம்புபோல் வெளுத்துத் தோன்றும்.

வெள்ளை வேட்டி நனைந்தால் உடல் தெரிகிறதே, எண்ணெய் பட்ட தாளின் வழியே விளக்கு வெளிச்சம் தெரிகிறதே, அவற்றுக்கும் இதே கணக்குத்தான். நூலிழைகளுக்கு இடையிலிருந்த காற்றை நீரோ எண்ணெயோ வெளியேற்றிவிடுகிறது, எல்லைகளில் வேறுபாடு குறைகிறது, ஒளி கசிகிறது. பாடநூல்கள் ஒளிவிலகல் எண்ணை நீரில் வளைந்து தெரியும் பென்சிலோடு முடித்துவிடுகின்றன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2019-இல் தேனியில் ஒரு பல் மருத்துவரிடம் என் பழைய பல்லைக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை என்னை வியக்க வைத்தது. மருந்து போடவில்லை, பஞ்சு வைக்கவில்லை. நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பி, சிறு சிறு போலிப் பற்கள் கோத்த ஒரு சட்டத்தை என் பல்லருகே பிடித்துப் பார்த்தார். 'ஷேட் கைடு' என்பார்கள். பரவலாக வழங்கும் விட்டா வகைச் சட்டத்தில் 16 நிறங்கள் உண்டு. ஏ1, ஏ2 என்று தொடங்கி டி4 வரை பெயர். "முதலிலேயே பார்த்துவிட வேண்டும் சார். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்குப் பொருத்தமாக அடைத்தால் நாளைக்கு எடுபட்டுத் தெரியும்" என்றார். காய்ந்த பல் பழைய நிறத்துக்குத் திரும்ப அரை மணிக்கு மேலும் ஆகுமாம். நான் மேலே போட்ட கணக்கை அவர் கணக்கில்லாமலே தெரிந்து வைத்திருந்தார்.

சன்னலுக்கும் காரணம் உண்டு. உங்கள் அம்மா புடவைக் கடையில் ரவிக்கைத் துணிக்குப் பொருத்தம் பார்க்கும்போது இரண்டையும் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். குழல்விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு சாயங்கள் வெயிலில் வேறாகத் தோன்றலாம். விளக்கின் ஒளியில் எல்லா அலைநீளங்களும் சூரிய ஒளியில் உள்ள அதே விகிதத்தில் இருப்பதில்லை. என் முதல் அடைப்பு இரவில் நடந்தது என்பது இப்போது உங்களுக்கு நினைவு வரும்.

ஆனால் சாம்பல் நிறத்துக்கு முழுக் காரணம் அதுவன்று. உடைந்தது பல்லின் மூலை. அதற்குப் பின்னால் டென்டைன் இல்லை. வாயின் இருட்டு மட்டும்தான். அடைப்புப் பொருள் அளவுக்கு மேல் ஒளி கசியவிட்டால் உள்ளே போன ஒளி திரும்பி வராமல் இருட்டில் தொலைந்துபோகும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த இடம் சாம்பலாகத் தெரியும். சரி, ஒளியே கசியாத பொருளை வைத்தால்? அப்போது பல்லின் மூலையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும்.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. பொருளின் மெல்லிய வில்லையை ஒரு முறை கருப்பு அட்டை மீதும், ஒரு முறை வெள்ளை அட்டை மீதும் வைத்து நிறத்தை அளக்கிறார்கள். இரண்டு நிறங்களும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு ஒளி கசிகிறது என்று பொருள். 1 மில்லிமீட்டர் தடிமனில் மனித எனாமலுக்கு இந்த எண் ஏறத்தாழ 19, டென்டைனுக்கு ஏறத்தாழ 16 வரும். எனவே திறமையான மருத்துவர் ஒரே பொருளால் நிரப்புவதில்லை. பின்பக்கம் ஒளி குறைவாகக் கசியும் 'டென்டைன்' வகையையும், அதன் மேல் ஒளி நன்கு கசியும் 'எனாமல்' வகையையும் அடுக்கடுக்காக வைக்கிறார்.

கற்பூரமும் நீல விளக்கும்

அந்தப் பொருள்தான் என்ன? மருத்துவர்கள் 'காம்போசிட்' என்கிறார்கள். கண்ணாடித் தூளைப் பிசினில் குழைத்தது என்று சொன்னால் பெரிய தவறில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன் இதற்கான பிசினை உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே, 1955-இல், பூனகோர் என்பவர் எனாமலை அமிலத்தால் லேசாக அரித்துவிட்டால் பிசின் அதைப் பற்றிக்கொள்ளும் என்று காட்டியிருந்தார்.

பிசினின் ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடித் தூளின் எண்ணும் நெருக்கமாக இருந்தால் கலவை ஒளியை விடும். விலகி இருந்தால் வெளுத்துப்போகும். இரண்டும் 1.5-ஐ ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தூளின் பருமனும் முக்கியம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. துகள்கள் அந்த அளவிலேயே இருந்தால் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். அதைவிட மிகச் சிறியவையானால் சிதறல் குறைவு. அந்தக் குறைந்த சிதறலும் நீல ஒளியையே அதிகம் தாக்கும். வானம் நீலமாகவும் அந்திச் சூரியன் சிவப்பாகவும் தோன்றுவதற்கு ராலே பிரபு கூறிய காரணம் இதுவே. எனாமலின் நுனி பகலில் லேசான நீலமாகத் தோன்றுவதும், டார்ச்சைப் பின்னால் வைத்தால் ஆரஞ்சாகத் தோன்றுவதும் அதனால்தான். ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் மூன்று நான்கு சொட்டுப் பால் விட்டு, இருட்டில் டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீலச் சாயல். நேர் எதிரே பார்த்தால் ஆரஞ்சுச் சாயல்.

குழைவாக வைத்த காம்போசிட்டை இறுக வைப்பது ஒரு நீல விளக்கு. பிசினில் காம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் பொருள் சிறிதளவு கலந்திருக்கும். பெயரைப் பார்த்தாலே தெரிகிறதல்லவா? நம் வீட்டுக் கற்பூரத்திலிருந்து பெறக்கூடிய பொருள்தான் அது. 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை அது மிக நன்றாக உட்கவர்கிறது; நீலத்தை உட்கவர்வதால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. ஒளி பட்டதும் வேதிவினையைத் தொடங்கிவைத்து, தன் மஞ்சளையும் பெருமளவு இழந்துவிடுகிறது. இந்த விளக்குகளில் இன்று இருப்பவை நீல எல்.இ.டி.க்கள். அவற்றைச் செய்து காட்டிய அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளி கசிவது அழகுக்கு மட்டுமன்றி வலிமைக்கும் தேவை என்பதை இங்கே கவனியுங்கள். நீல ஒளி அடி வரை போய்ச் சேர்ந்தால்தான் அடிப்பகுதி இறுகும். ஒரு பொருளின் 1 மில்லிமீட்டர், விழுந்த ஒளியில் பாதியை மட்டும் கடத்துவதாக வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டரில் கால் பங்கு மிஞ்சும். 4 மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். ஆகவே வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அளவுக்கே ஒவ்வோர் அடுக்காக வைத்து ஒளியூட்டுகிறார்கள். அவசரப்பட்டு ஒரே அடியாக நிரப்பினால் அடியில் இறுகாத பிசின் தங்கும். இறுகாத பிசின் நீரை அதிகம் உறிஞ்சும். நம் இரண்டாவது கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது.

மதிய உணவு டப்பாவின் மூடி

கறை என்பது என்ன என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் பள்ளிச் சாப்பாட்டு டப்பாவே போதும். எவர்சில்வர் டப்பாவில் சாம்பார் சாதம் கொண்டுபோனால் கழுவியதும் கறை போய்விடும். பிளாஸ்டிக் மூடியில் படிந்த மஞ்சள் எத்தனை தேய்த்தாலும் போகாது. மஞ்சளில் உள்ள குர்குமின் கொழுப்பை விரும்பும் மூலக்கூறு. பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. காம்போசிட்டின் பிசினும் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்தானே! பீங்கானிலும் கண்ணாடியிலும் அத்தகைய இடைவெளி இல்லாததால் அவை கறையை உள்ளே விடுவதில்லை.

அந்த மூடியை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் வெளுத்துவிடும். குர்குமின் ஒளியால் சிதையக்கூடியது. மூடியில் பாதியைக் கருப்புத் தாளால் மறைத்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

எல்லாக் கறைகளும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. மேகமலைத் தேயிலையின் கறை பெரும்பாலும் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது. துலக்கினால் கணிசமாகப் போகும். காப்பியின் நிறப்பொருள்களில் ஒரு பகுதி பிசினுக்குள்ளேயே ஊறிவிடும். திராட்சைச் சாறு அமிலத்தன்மையும் நிறமும் சேர்ந்தது. சின்னமனூர் வெற்றிலையைப் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லுகிறவர்கள் வாயில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாக்கால் வாய்க்கு வரும் கேடு நிறத்தோடு நிற்பதுமில்லை.

சொரசொரப்பான பரப்பில் கறை எளிதில் தங்கும். 1970-களில் வந்த காம்போசிட்டுகளில் கண்ணாடித் துகள்கள் பத்து மைக்ரானுக்கும் மேல் பருமனாக இருந்தன. பிசின் தேய்ந்ததும் துகள்கள் துருத்திக்கொண்டு நின்றன. இன்றைய துகள்கள் மிகச் சிறியவை, மெருகும் நிலைக்கிறது. மேற்பரப்பின் சராசரி மேடுபள்ளம் 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமிப் படலம் அதிகம் சேரத் தொடங்குகிறது என்பது ஆய்வாளர் கணக்கு. உப்பு, சாம்பல், செங்கல் தூள், இப்போது புதுப்பெயரில் விற்கும் கரித்தூள் ஆகியவற்றால் பல்லைத் தேய்க்கிறவர்கள் கறையைப் போக்குவதாக எண்ணிக்கொண்டு, அடுத்த கறைக்கு இடம் செய்து வைக்கிறார்கள்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வருபவை. உள்ளேயே பிறக்கும் நிறமும் உண்டு. 1996-இல் என் பல்லில் இரண்டு பசைகளைக் கலந்து வைத்தார்கள் அல்லவா? அந்த வகையில் ஒன்றில் பெராக்சைடும் மற்றொன்றில் அமீனும் இருக்கும். இரண்டும் சேர்ந்ததும் பிசின் தானே இறுகும். விளக்கு வேண்டாம். ஆனால் மிஞ்சிய அமீன் நாளடைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். நான் ஆண்டுக்கணக்கில் காப்பி குடிப்பதைக் குறை சொல்லி வந்த பாட்டி, பாதிதான் சரி.

நிறம் மாறிற்று என்று சொன்னால் போதாது. எவ்வளவு மாறிற்று என்று சொல்ல வேண்டும். 1976-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் இதற்கு ஒரு முறை வகுத்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண்கள்: ஒன்று வெளுப்பு, இரண்டாவது சிவப்பு-பச்சை, மூன்றாவது மஞ்சள்-நீலம். நிறத்தை ஒரு முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியாகக் கருதினால், இரு நிறங்களின் வேறுபாடு இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவு. பிதகோரஸ் தேற்றம் இங்கேயும் வந்துவிட்டது! வெளுப்பு 2 குறைந்து, சிவப்பு 1 கூடி, மஞ்சள் 2 கூடினால், 4, 1, 4 மூன்றின் கூடுதல் 9, வர்க்கமூலம் 3. வேறுபாடு 1.2 இருக்கும்போது பார்ப்பவர்களில் பாதிப் பேர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2.7 ஆகும்போது பாதிப் பேர் அந்தப் பொருத்தம் சரியில்லை என்கிறார்கள். நம் கணக்கில் வந்த 3 அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் கறை படியாத பீங்கானையே எல்லோருக்கும் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் ஒரு மூலை உடைந்ததற்காக நல்ல பல்லையும் சுற்றிலும் சீவ வேண்டியிருக்கும், செலவும் கூடுதல். உறுதிக்குப் பேர்போன சிர்கோனியாவின் ஒளிவிலகல் எண் 2.1-க்கும் மேல். அதன் நுண்படிகங்கள் ஒளியை நிறையச் சிதறடிப்பதால் தொடக்கத்தில் வந்த சிர்கோனியா உறைகள் தட்டு வெள்ளையாக இருந்தன. யிட்ரியம் ஆக்சைடைக் கூட்டிக் கனசதுரப் படிகங்களை அதிகமாக்கினால் ஒளி நன்றாகக் கசிகிறது, உறுதி குறைகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் உடைந்த மூலைக்குக் காம்போசிட்டே மேல் என்பது என் எண்ணம். நிறம் மாறினால் மெருகேற்றலாம். தேவைப்பட்டால் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்கலாம். பல் அப்படியே இருக்கும். இன்னொன்று: பல்லை வெளுக்க வைக்கும் மருந்துகள் இயற்கைப் பல்லை வெளுக்கும், காம்போசிட்டின் நிறத்தை அப்படி மாற்றுவதில்லை. வெளுக்க விரும்புகிறவர்கள் அதை முடித்துக்கொண்டு பிறகே அடைக்க வேண்டும்.

2019-இல் எனக்கு வைத்த அடைப்பு சன்னலோரத்தில் நிறம் பார்த்து, இரண்டு வகைகளை அடுக்கி, ஒவ்வோர் அடுக்காக நீல ஒளி காட்டி வைத்தது. மூன்று ஆண்டுகளில் அதன் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு பழுப்புக் கோடு தோன்றியது. மறுபடியும் பெயர்த்தெடுப்பார்களோ என்று பயந்துகொண்டே போனேன். மருத்துவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, கறை மேலோடுதான் என்று சொல்லி, ரப்பர்ச் சக்கரத்தால் பத்து நிமிடம் மெருகேற்றினார். கோடு போய்விட்டது. அன்று மாலை என் தங்கையிடம் பல்லைக் காட்டினேன். வாசலுக்கு வரச் சொல்லி, வெயிலில் நிறுத்திப் பார்த்தாள். "எந்தப் பல்லுண்ணே?" என்று கேட்டாள்.